ஓய்வளவு

கொலோனில், மைதானத்துக்குப் பின்னால்,
இரண்டாம் மாடியில் ஒரு வெள்ளை அறை.
மூக்கையும் வாயையும் சேர்த்து மூடிய ரப்பர்க் கவசம்,
அதிலிருந்து துதிக்கை மாதிரித் தொங்கும் ஒரு குழாய்.
இனி என் மூச்செல்லாம் வீப்கேயின் கணினிக்குத்தான் போகும்.
நாலு வருகை. தொண்ணூறு யூரோ. ட்ராம் காசு தனி.

"முதலில் ஒன்றும் செய்யாமல் இருங்கள், இருபது நிமிடம்.
அதிலிருந்துதான் மற்றதெல்லாம் கணக்கு" என்றாள்.
இருந்தேன்.
சும்மா இருக்கிறதுக்கு இந்த நாட்டில்
ஒருவர் எனக்குக் காசு தந்தது அன்றைக்குத்தான்.
திரையைப் பார்த்துத் தலையைச் சரித்தாள்:
"கொஞ்சம் கூட இருக்கிறதே. யோசித்தீர்களா?"
எட்டாம் பட்டியில் இன்றிரவு யாரைப் போடுவார்கள்
என்று யோசித்தேன்.
யோசிக்கவும் கூடாதாம்.

பிறகு டென்னிஸ். கையில் ஒரு வெள்ளைக் கருவி.
திரையில் முழங்கால் இல்லாத பொம்மை, அதுதான் நான்.
முதல் ஆட்டத்தில் ஓடினேன், குனிந்தேன்,
தோளிலிருந்து வீசினேன். தோற்றேன்.
இரண்டாவதில் பிடிபட்டுவிட்டது:
இதற்கு நான் தேவையில்லை, மணிக்கட்டு போதும்.
பூட்டில் திறப்பைத் திருப்புகிற அளவு ஒரு சுண்டு,
பந்து போய் மூலையில் விழும்.
ஆறுக்குச் சுழியம். ஆறுக்கு ஒன்று.
பொம்மைக்கு வேர்த்தது.

"சும்மா இருந்ததை விட ஒன்று தசம் மூன்று மடங்கு.
பாத்திரம் கழுவினாலே இதைவிடக் கூட வரும்" என்றாள்.
தெரியும். கழுவியிருக்கிறேன்.

சோம்பலா என்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை பொதி பிரிக்கிற வேலை,
மணிக்கு எண்ணூறு, சிலது முப்பது கிலோ.
முதல் கிழமை முதுகால் தூக்கினேன்,
அடுத்த கிழமை முழங்காலால்.
இப்போது பொதி தன் பாரத்தாலேயே தன்னைத் திருப்பிக்கொள்ளும்,
நான் ஒரு விரல் வைப்பேன்.
பதினொரு வருடமாய் இந்த உடம்பு படித்ததெல்லாம்
எதைச் செய்யாமல் விடலாம் என்பதைத்தான்.

"சின்னப்பிள்ளை மாதிரி வீணாக்குங்கள்" என்றாள்.
அவள் சொன்ன ஜெர்மன் சொல்லுக்கு
வாரி இறைப்பது என்றும் அர்த்தம் உண்டு.

மூன்றாம் வருகை, குத்துச்சண்டை.
இதை ஏய்க்க முடியவில்லை.
முழங்கை நீளாவிட்டால் எதிராளி அசையமாட்டான்.
முதல் நிமிடம் சிக்கனமாய் நின்று
மூக்கில் மூன்று வாங்கினேன்.
வலிக்கவில்லை, வெட்கமாய் இருந்தது.
அதற்குப் பிறகு
இடது வலது இடது இடது
குதிக்கால் தரையில் இல்லை
கையில் ஒரு கிராம் பாரம் இல்லை
எதையும் ஏற்றவில்லை எதையும் இறக்கவில்லை
எந்த விலாசத்துக்கும் எதுவும் போகவில்லை
கவசத்துக்குள் உப்பு, காதுக்குள் மேளம்,
நெஞ்சுப்பட்டி நூற்றைம்பத்தெட்டு என்றது.
எதிராளி விழுந்த பிறகும் குத்திக்கொண்டிருந்தேனாம்.
"ஹெர் குகதாசன், மணி அடித்துவிட்டது."

ஐந்து மடங்கு. மெல்லோட்டம் இன்னும் மேலேதான்,
ஆனால் இது உடற்பயிற்சி, எழுதலாம் என்றாள்.
பங்கேற்பாளர் பதினேழு. ஆண். நாற்பத்தாறு.

அன்றிரவு இரண்டரை மணிபோல்
பட்டியில் ஒரு பெரிய பெட்டி வந்தது.
தலையணையாக இருக்கும், பாரமே இல்லை.
ஒரு விரல் காணும்.
இரண்டு கையாலும் அணைத்து, தலைக்கு மேலே தூக்கி,
ஒரு சுற்றுச் சுற்றி வைத்தேன்.
எதிர்ப்பக்கம் நின்ற மிர்கோ
பொதியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

வியாழக்கிழமை நாலாம் வருகை.
ஓய்வளவைத் திரும்ப எடுக்கவேண்டுமாம்.
அதற்குத்தான் எனக்குப் பயிற்சி போதாது.